சிறைக்குப் பதில் சமூகத் தண்டனை: இளவயதினருக்கான திட்டம் பலன் தந்ததா என்று கணக்கிடுவது எப்படி?

"எங்கள் திட்டத்தை முடித்தவர்களில் 75% பேர் ஓராண்டுக்குள் மறுபடி குற்றம் செய்யவில்லை." சமூகத் தண்டனைத் திட்டங்களின் ஆண்டறிக்கைகளில் இந்த மாதிரி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். எண் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு திட்டம் பலித்ததா என்று எதுவும் சொல்ல முடியாது. பாதியில் விட்டுப்போனவர்கள் எங்கே? திட்டமே இல்லாவிட்டால் இதே ஆட்களில் எத்தனை பேர் குற்றம் செய்யாமல் இருந்திருப்பார்கள்?

நன்னடத்தைத் துறையில் வேலை செய்பவர்கள், திட்டம் நடத்தும் தொண்டு நிறுவனங்கள், குற்றவியல் அல்லது புள்ளியியல் படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. எந்த மென்பொருள், எந்தச் சூத்திரம் என்று பலர் கவலைப்படுகிறார்கள். என் கணிப்பில், மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே மதிப்பீட்டின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது. யாரோடு ஒப்பிடுகிறோம், யாரைக் கணக்கில் சேர்க்கிறோம், நாட்களை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்ற மூன்றும் சரியாக அமைந்தால் சாதாரண சதவீதக் கணக்கே போதும். இவை கோணலாக இருந்தால் எந்த நவீன முறையும் காப்பாற்றாது. அதனால்தான் கீழே 3, 4 ஆகிய படிகள் நீளமாக இருக்கின்றன.

படி 1: எந்தத் திட்டம், எந்த வயது என்று எழுதி வையுங்கள்

சமூகத் தண்டனை என்ற பெயருக்குள் பல சங்கதிகள் இருக்கின்றன. ஊதியமில்லாப் பொதுப்பணி, நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பு, போதை மீட்பு சிகிச்சை, மின்னணுப் பட்டையோடு வீட்டுக்கட்டுப்பாடு, சிந்தனைத் திறன் வகுப்புகள், பாதிக்கப்பட்டவரைச் சந்தித்துப் பேசும் அமர்வுகள் என்று பட்டியல் நீளும். ஒரே உத்தரவில் இவற்றில் மூன்று நான்கு சேர்ந்தே வருவதும் உண்டு. "திட்டம் பலித்தது" என்றால் எது பலித்தது? எத்தனை மணி நேரம் விதிக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் உண்மையில் நடந்தது என்று இரண்டையும் பதிவு செய்யுங்கள். 120 மணி நேரம் விதித்து 40 மணி நேரம்தான் நடந்திருந்தால், பலன் இல்லை என்ற முடிவு கருத்தின் தோல்வியா, நடத்தியதில் தோல்வியா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வயது வரம்பும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜெர்மனியில் 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களை, முதிர்ச்சியைப் பொறுத்து, இளைஞர் சட்டத்தின் கீழேயே விசாரிக்க 1953 முதல் வழி இருக்கிறது. நெதர்லாந்தில் 2014 முதல், குற்றம் நடந்தபோது 23 வயது நிரம்பாதவருக்கும் இளைஞர்களுக்கான தண்டனைகளை விதிக்கலாம். இங்கிலாந்தில் பேச்சு பெரும்பாலும் 18 முதல் 25 வரை என்று போகிறது. நீங்கள் எந்த வரம்பை எடுத்தாலும் சரி, குற்றம் நடந்த நாளின் வயதா, தண்டனை விதித்த நாளின் வயதா என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். வழக்கு இரண்டு வருடம் இழுத்தால் 19 வயதுக்காரர் 21 ஆகிவிடுவார்.

இந்த வயதுக்காரர்களை மதிப்பிடுவதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. குற்றம் செய்யும் போக்கு பதின்வயதின் பிற்பகுதியில் உச்சத்தைத் தொட்டு, இருபதுகளில் சரியத் தொடங்குகிறது. வயதுக்கும் குற்றத்துக்கும் உள்ள இந்த உறவை பெல்ஜியத்தின் அடால்ஃப் கெத்தலே 1831இலேயே எண்களோடு எழுதினார். 1993இல் டெர்ரி மோஃபிட் இதை இன்னும் கூர்மையாக்கினார்: பெரும்பாலானவர்களின் குற்றம் பதின்வயதோடு நின்றுவிடும், சிறு பகுதியினர்தான் வாழ்நாள் முழுதும் தொடர்வார்கள் என்பது அவர் வாதம். ஆகவே 19 வயதில் திட்டத்தில் சேர்ந்தவர் 22 வயதில் ஒழுங்காக இருக்கிறார் என்றால், அந்தப் பெருமையில் பெரும் பங்கு அவருடைய வயதுக்குப் போகலாம். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இந்த வயதினரை மதிப்பிட்டால் எந்தத் திட்டமும் ஜெயித்த மாதிரியே தெரியும்.

படி 2: எதை அளக்கப் போகிறீர்கள்?

மறுகுற்றம் என்பது ஒரே அளவுகோல் அல்ல. மறுபடி கைதானாரா, மறுபடி தண்டிக்கப்பட்டாரா, மறுபடி சிறை சென்றாரா, தானே ஒப்புக்கொண்டாரா என்று நான்கு விதமாக அளக்கலாம், நான்கும் நான்கு விடை தரும். கைது சீக்கிரம் தெரியவரும், ஆனால் அதில் போலீஸின் பழக்கவழக்கமும் கலந்திருக்கும். தண்டனைத் தீர்ப்பு உறுதியானது, ஆனால் வந்து சேரத் தாமதமாகும். இங்கிலாந்து, வேல்ஸின் அரசுப் புள்ளிவிவரம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: குற்றம் ஓராண்டுக்குள் நடந்திருக்க வேண்டும், அதற்கான தீர்ப்போ முறையான எச்சரிக்கையோ அந்த ஆண்டிலோ அதையடுத்த 6 மாதத்திலோ வந்தால் கணக்கில் சேரும். நீதிமன்றத் தாமதத்துக்கு ஈடுகொடுக்கும் இந்த ஏற்பாட்டை எங்கும் பின்பற்றலாம். உங்கள் நீதிமன்றங்கள் இன்னும் மெதுவாக நகர்ந்தால் காத்திருப்புக் காலத்தை நீட்டுங்கள்.

'செய்தார், செய்யவில்லை' என்ற இரட்டை அளவோடு நிறுத்தாதீர்கள். எத்தனை முறை, எவ்வளவு கடுமையாக, எத்தனை நாள் கழித்து என்பவையும் வேண்டும். மாதம் ஒரு முறை கொள்ளையில் ஈடுபட்டவர் ஆண்டுக்கு ஒரு சில்லறைத் திருட்டு என்று இறங்கியிருந்தால் இரட்டை அளவில் அவர் தோல்விதான்.

நிபந்தனை மீறலையும் புதிய குற்றத்தையும் ஒரே பெட்டியில் போடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. சந்திப்புக்கு வரவில்லை, சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்கினார் என்பவை மீறல்கள், குற்றங்கள் அல்ல. அமெரிக்காவில் 14 இடங்களில் குலுக்கல் முறையில் நடந்த தீவிரக் கண்காணிப்பு ஆய்வை ஜோன் பீட்டர்சிலியாவும் சூசன் டர்னரும் 1993இல் வெளியிட்டார்கள். ஓராண்டில் மறுபடி கைதானவர்கள் தீவிரக் கண்காணிப்பில் சுமார் 37%, வழக்கமான கண்காணிப்பில் 33%. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நிபந்தனை மீறலில் ஒன்று 65%, இன்னொன்று 38%. கூர்ந்து பார்த்தால் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். இரண்டையும் கூட்டி "தோல்வி விகிதம்" என்று எழுதியிருந்தால் கண்காணிப்பு ஆட்களைக் கெடுத்தது என்றே படித்திருப்போம்.

பங்கேற்றவர்களின் திருப்தி வேறு, பலன் வேறு. 1939இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வில் 506 சிறுவர்கள் இரண்டு குழுவாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு ஆலோசகர், கோடைமுகாம், படிப்பில் உதவி என்று ஆண்டுக்கணக்கில் கிடைத்தது. சுமார் 30 ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்பிடித்தபோது, உதவி பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்றார்கள். பதிவேடுகள் வேறு சொன்னன: குற்ற விஷயத்தில் அவர்கள் நிலை மற்ற குழுவைவிட நன்றாக இல்லை, சில அளவுகளில் மோசமாகவே இருந்தது.

படி 3: யாரோடு ஒப்பிடுவது?

முதலில் எதோடு ஒப்பிடக் கூடாது என்று பார்ப்போம்: அதே ஆட்களின் முந்தைய ஆண்டோடு. ஒருவர் நீதிமன்றம் வரை வருவது பெரும்பாலும் அவருடைய மோசமான கட்டத்தின் உச்சியில். அதன் பிறகு எது செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், எண்ணிக்கை சராசரியை நோக்கி இறங்கத்தான் செய்யும். 1979இல் சார்லஸ் மரேயும் லூயிஸ் காக்ஸும் சிகாகோ சிறார்களின் கைது எண்ணிக்கையைத் தண்டனைக்கு முன், பின் என்று ஒப்பிட்டு, காவலில் வைத்ததும் சமூகத் திட்டங்களும் கைதுகளைப் பெருமளவு குறைத்தன என்றார்கள். மறு ஆண்டே மைக்கேல் மால்ட்ஸும் மற்றவர்களும், கைதுகள் குவிந்த நேரத்தில்தான் சிறார்கள் தேர்வாகிறார்கள், அந்தத் தேர்வு ஒன்றே இந்த மாதிரிச் சரிவைக் காட்டப் போதும் என்று கணித வழியில் எடுத்துக்காட்டினார்கள். அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. முன்-பின் ஒப்பீடு மட்டும் இன்னும் ஒழிந்தபாடில்லை.

சிறந்த வழி குலுக்கல் முறை ஒதுக்கீடு. தண்டனையைக் குலுக்கலில் தீர்மானிப்பதா என்று நீதிபதிகள் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தகுதியானவர்கள் 300 பேர், இடம் 150 பேருக்குத்தான் என்றால், யாரோ ஒருவரின் மனப்போக்கில் இடம் கொடுப்பதைவிடக் குலுக்கல் நேர்மையானது. சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் மார்ட்டின் கில்லியாஸ் குழு இதைச் செய்தே காட்டியது. 123 பேர் குலுக்கல் முறையில் பொதுப்பணிக்கும் 14 நாள் வரையான சிறைக்கும் பிரிக்கப்பட்டார்கள். 2000இல் வந்த முடிவின்படி சிறைக்குப் போனவர்கள் மறுபடி போலீஸில் சிக்கியது அதிகம். வேலை, குடும்ப வாழ்க்கை ஆகியவற்றில் வேறுபாடு இல்லை.

குலுக்கல் வாய்க்காதபோது அடுத்த வழி இணைசேர்த்தல். பால் ரோசன்பாமும் டொனால்ட் ரூபினும் 1983இல் முன்வைத்த ப்ரொபென்சிட்டி ஸ்கோர் முறை இதில் பரவலானது. வயது, பாலினம், முந்தைய தண்டனைகளின் எண்ணிக்கை, முதல் குற்றத்தின் வயது, குற்ற வகை, வேலை, போதைப் பழக்கம் ஆகியவற்றை வைத்து ஒருவர் திட்டத்துக்கு அனுப்பப்படும் வாய்ப்பைக் கணக்கிட்டு, ஏறக்குறைய அதே வாய்ப்புள்ள, ஆனால் அனுப்பப்படாத ஒருவரோடு சேர்ப்பார்கள். பிரிட்டன் நீதி அமைச்சகம் 2013இல் தொடங்கிய தரவுக்கூடம் இதையே சேவையாகச் செய்கிறது: தொண்டு நிறுவனம் தன் பயனாளிகளின் விவரத்தைக் கொடுத்தால், இணையான குழுவோடு ஒப்பிட்ட மறுகுற்ற விகிதம் திரும்பிவரும். சேர்த்த பிறகு இரண்டு குழுவும் உண்மையிலேயே ஒத்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு மாறிக்கும் தரப்படுத்திய வேறுபாட்டை (சராசரிகளின் வேறுபாட்டைத் திட்டவிலக்கத்தால் வகுத்தது) பாருங்கள். 0.1க்குக் கீழே இருந்தால் திருப்தி என்பது வழக்கம். இந்தச் சோதனைக்குப் பி-மதிப்பை (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு தெரிய எவ்வளவு வாய்ப்பு என்ற எண்ணை) பயன்படுத்தாதீர்கள். மாதிரி சிறியதென்றால் பெரிய வேறுபாடும் அதன் கண்ணில் படாது.

இணைசேர்த்தலின் பலவீனத்தை ஒளிக்கக் கூடாது. பதிவேட்டில் இருப்பதைத்தான் அது சமன்படுத்தும். நீதிமன்றத்தில் அந்தப் பையன் தலைகுனிந்து நின்றதையும், பின்வரிசையில் அவன் அம்மா உட்கார்ந்திருந்ததையும் நீதிபதி பார்த்திருப்பார், உங்கள் தரவுக்கோப்பு பார்த்திருக்காது. திருந்தக்கூடியவன் என்று தோன்றியவனே சமூகத் தண்டனைக்கு அனுப்பப்படுகிறான் என்றால், திட்டம் தொடங்கும் முன்பே அந்தக் குழு முன்னிலையில் இருக்கிறது.

மூன்றாவது வழி, வழக்குகள் சுழற்சி முறையில் நீதிபதிகளுக்குப் போகும் இடங்களில் மட்டும் கைகொடுக்கும். ஒரு நீதிபதி கண்டிப்பானவர், இன்னொருவர் இளகியவர். யாரிடம் வழக்கு போகிறது என்பது தற்செயல் என்றால், அந்தத் தற்செயலையே குலுக்கலாகக் கொள்ளலாம். சிகாகோ சிறார்களை வைத்து ஐசரும் டாயிலும் 2015இல் இப்படிச் செய்தபோது, காவலில் வைத்தது பள்ளிப்படிப்பைக் கெடுத்து, பெரியவரான பின் சிறைக்குப் போவதைக் கூட்டியது தெரிந்தது. நார்வேயில் இதே உத்தியோடு 2020இல் வெளியான புல்லர் குழுவின் ஆய்வில் சிறை மறுகுற்றத்தைக் குறைத்தது, குறிப்பாக முன்பு வேலையில்லாமல் இருந்தவர்களிடம். இரண்டில் ஒன்று தப்பு என்று அர்த்தமில்லை. ஆட்களின் வயது வேறு, சிறைகளும் வேறு. நார்வேச் சிறையில் தொழிற்பயிற்சி கிடைக்கிறது. "சமூகத் தண்டனை சிறையைவிட மேல்" என்று எழுதும்போது எந்தச் சிறை என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

படி 4: யாரையும் விடாதீர்கள், கடிகாரத்தைச் சரியாக வையுங்கள்

ஒரு கற்பனைக் கணக்கு. 400 பேர் திட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 240 பேர் முடித்தார்கள், 160 பேர் பாதியில் போனார்கள். ஓராண்டில் மறுகுற்றம் செய்தவர்கள், முடித்தவர்களில் 60 பேர், அதாவது 25%. போனவர்களில் 88 பேர், அதாவது 55%. ஒப்பீட்டுக் குழு 400 பேரில் 160 பேர், அதாவது 40%.

ஆண்டறிக்கை இப்படி எழுதும்: "40% இருந்த இடத்தில் 25%. பதினைந்து சதவீதப் புள்ளி குறைந்தது." கூடவே இன்னொரு வரி: "முடிக்காதவர்களில் 55%, ஆகவே முடிப்பதுதான் முக்கியம்." இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகம். முடிப்பவர் யார்? வீடு உள்ளவர், போதையில் இல்லாதவர், காலையில் எழுந்து வரக்கூடியவர். அவர் திட்டம் இல்லாமலும் தப்பித்திருப்பார். ஒப்பீட்டுக் குழுவிலும் அப்படிப்பட்ட 240 பேர் இருக்கத்தான் செய்வார்கள், அவர்களைத் தனியே பிரித்தெடுக்க நம்மிடம் வழி இல்லை.

சரியான கணக்கு, அனுப்பப்பட்ட எல்லோரையும் சேர்ப்பது. 60, 88 இரண்டையும் கூட்டினால் 148. 400இல் 148 என்றால் 37%. ஒப்பீட்டுக் குழுவோடு வேறுபாடு 3 புள்ளிதான். வேறுபாட்டின் திட்டப்பிழை, அதாவது தற்செயலால் அது எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு, சுமார் 3.4 புள்ளி. அதை 1.96ஆல் பெருக்கினால் 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய எல்லை, கிடைக்கும்: ஏறக்குறைய 10 புள்ளி குறைவிலிருந்து 4 புள்ளி அதிகம் வரை. நல்லது செய்திருக்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம், சற்றுக் கெடுத்தும் இருக்கலாம். பதினைந்து புள்ளி எங்கே, இது எங்கே!

அடுத்து கடிகாரம். சமூகத் தண்டனைக்குத் தீர்ப்பு நாளிலிருந்து எண்ண வேண்டும். திட்டத்தை முடித்த நாளிலிருந்து எண்ணினால், நடுவிலேயே குற்றம் செய்து வெளியேறியவர் தானாகக் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடுவார், மேலே பார்த்த அதே பிழை வேறு வேடத்தில் வரும். சிறை சென்றவருக்கு விடுதலை நாளிலிருந்து எண்ணுவது வழக்கம், உள்ளே இருக்கும்போது வெளியே குற்றம் செய்ய முடியாதே. ஆனால் அப்போது இரு குழுவின் வயதும் நகர்ந்துவிடுகிறது, இந்த வயதில் ஒரு வருடம் என்பது சாதாரணம் அல்ல. சமூகப் பாதுகாப்பு பற்றிய கேள்வி என்றால் இரண்டுக்கும் தீர்ப்பு நாள். மனிதர் மாறினாரா என்ற கேள்வி என்றால் வெளியே சுதந்திரமாக இருந்த நாட்கள். என் பரிந்துரை, இரண்டையும் கணக்கிட்டு இரண்டையும் அச்சிடுவது. பின்தொடரும் காலத்தில் வேறு வழக்கில் உள்ளே போனவரின் நாட்களைக் கழிக்க மறக்காதீர்கள்.

எவ்வளவு காலம் பின்தொடர்வது? ஓராண்டு குறைந்தபட்சம், இரண்டு நல்லது. மேலே சொன்ன சுவிஸ் ஆய்வை 11 ஆண்டு வரை நீட்டிப் பார்த்தபோது, பொதுப்பணிக்குச் சாதகமாகத் தொடக்கத்தில் தெரிந்த சாய்வு நிலைக்கவில்லை.

படி 5: எத்தனை பேர் வேண்டும்?

இதைத் தரவு சேர்த்த பிறகு கேட்பவர்களே அதிகம். மறுகுற்றம் 40%லிருந்து 30%ஆகக் குறைவதைக் கண்டுபிடிக்க, 80% திறனும் (பலன் உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5% பிழை வரம்பும் (பலன் இல்லாதபோது இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) வைத்தால், ஒரு குழுவுக்குச் சுமார் 356 பேர் தேவை. 40%லிருந்து 35% என்றால் சுமார் 1,470 பேர். நிஜத்தில் வேலை செய்யும் திட்டங்களுக்குக்கூட 5 புள்ளி என்பது நல்ல பலன். ஆண்டுக்கு 80 பேர் வரும் உள்ளூர்த் திட்டம் தனியாக இதை நிரூபிக்கவே முடியாது. மூன்று நான்கு ஆண்டுத் தரவைச் சேர்க்கலாம், ஒரே மாதிரி நடக்கும் பல மையங்களை இணைக்கலாம், அல்லது இப்போதைக்குத் திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று மட்டும் மதிப்பிட்டு, பலன் பற்றிப் பேசாமல் இருக்கலாம். மூன்றாவது வழியில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு கழிவும் உண்டு. ஒரே அலுவலரின் கீழ் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். 20 அலுவலர்கள், ஆளுக்கு 20 பேர், உட்குழுத் தொடர்பு (அந்த ஒத்த தன்மையின் அளவு) 0.05 என்று வைத்தால் 400 பேர் தரும் தகவல் ஏறக்குறைய 205 பேர் தரும் அளவுக்குச் சுருங்கிவிடும். பகுப்பாய்வில் அலுவலர் அல்லது நீதிமன்ற வாரியான கொத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் நம்பிக்கை இடைவெளி பொய்யாகக் குறுகித் தெரியும்.

படி 6: தரவை ஒட்டுவது

நீதிமன்றம், போலீஸ், நன்னடத்தைத் துறை, சிறை என்று நான்கு இடத்துப் பதிவேடுகளை இணைக்க வேண்டியிருக்கும். பெயரில் ஒரு எழுத்து மாறினால் ஆள் இரண்டாகிவிடுவார், அல்லது குற்றம் செய்யாதவர் போலத் தெரிவார். பதிவேட்டில் கிடைக்காதவரும் குற்றம் செய்யாதவரும் ஒன்றல்ல. இடம்பெயர்ந்தவர், இறந்தவர் விவரத்தைத் தனிக் குறியீட்டில் வையுங்கள். இணைப்பு முடிந்ததும் பெயர்களை நீக்கி எண் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் ஒரு கட்டத்தில் நான்கைந்து பேருக்குக் கீழ் இருந்தால் வெளியிடாதீர்கள். சிறிய ஊரில் "19 வயது, பெண், தீவைப்பு" என்றாலே யாரென்று தெரிந்துவிடும்.

படி 7: கணக்கு

முதலில் எளிய அட்டவணை: இரு குழு, இரு சதவீதம், வேறுபாடு, நம்பிக்கை இடைவெளி. இது சொல்லாத ஒன்றைப் பின்னால் வரும் சிக்கலான மாதிரி சொன்னால், மாதிரியைச் சந்தேகப்படுங்கள்.

அதன் பிறகு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஆம்-இல்லை விளைவின் வாய்ப்பைப் பல மாறிகளை வைத்துக் கணக்கிடும் முறை), குழுக்களுக்கு இடையே மீதமிருக்கும் வேறுபாடுகளைச் சரிக்கட்ட. அது தரும் விகிதத்தைப் படிப்பதில் கவனம் வேண்டும். நம் கற்பனைக் கணக்கில் 40%, 37% ஆகியவற்றுக்கான ஆட்ஸ் விகிதம் 0.88 (ஆட்ஸ் என்பது குற்றம் செய்தவர்களைச் செய்யாதவர்களால் வகுத்தது; இரு குழுவின் ஆட்ஸுக்கு இடையிலுள்ள விகிதம் இது). இதைப் பார்த்து "மறுகுற்றம் 12% குறைந்தது" என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் குறைந்தது 3 சதவீதப் புள்ளி, ஒப்பளவில் 7.5%. மறுகுற்றம் மாதிரி அடிக்கடி நடக்கும் விளைவுக்கு ஆட்ஸ் விகிதம் எப்போதும் பலனைப் பெரிதாக்கிக் காட்டும். முடிவைச் சதவீதப் புள்ளியாக மாற்றி எழுதுங்கள்.

எப்போது என்ற கேள்விக்குக் கப்லான்-மேயர் வரைகோடு, 1958லிருந்து புழக்கத்தில் இருப்பது. ஒவ்வொரு நாளும் இன்னும் குற்றம் செய்யாமல் இருப்பவரின் பங்கை அது காட்டும். இந்த வரைகோட்டை நீதிபதிக்கும் அதிகாரிக்கும் காட்டலாம், விளக்கம் தேவைப்படாது. மாறிகளைச் சேர்க்க டேவிட் காக்ஸின் 1972ஆம் ஆண்டு மாதிரி. ஒவ்வொரு நாளும் மறுகுற்றம் நடக்கும் ஆபத்து இரு குழுவிலும் வைத்திருக்கும் விகிதம் காலம் முழுதும் மாறாமல் இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. சமூகத் தண்டனையில் இந்த அனுமானம் அடிக்கடி உடையும்: கண்காணிப்பு நடக்கும் 6 மாதம் மறுகுற்றம் குறைவாக இருந்து, முடிந்த மறுநாளே கோடு சரியலாம். கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் ஒரே எண்ணில் சுருக்காமல், கண்காணிப்புக் காலம், அதற்குப் பிந்தைய காலம் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

எத்தனை முறை என்பதற்கு, எண்ணிக்கைகளுக்கு வழக்கமாகப் பயன்படும் பாய்ஸான் மாதிரி பொருந்தாது. பலர் பூஜ்யம், சிலர் பத்து பன்னிரண்டு என்று சிதறிக் கிடக்கும். நெகட்டிவ் பைனாமியல் மாதிரி இந்தச் சிதறலைத் தாங்கும். வெளியே இருந்த நாட்களை அதில் சேர்க்க வேண்டும்.

படி 8: உட்குழுக்கள்

மொத்தத்தில் பலன் இல்லை என்றதும் எல்லோரும் செய்வது, ஆண், பெண், 18-20, 21-25, திருட்டு, போதை என்று வெட்டிப் பார்ப்பது. 20 வெட்டு வெட்டினால், உண்மையில் ஒன்றுமே இல்லாதபோதும் சராசரியாக ஒன்றில் 'முக்கியத்துவம்' கிடைக்கும். எந்த உட்குழுக்களைப் பார்ப்பீர்கள் என்று தரவைத் திறக்கும் முன்பே எழுதி, தேதி போட்டு, எங்காவது பதிவு செய்துவிடுங்கள்.

ஒரு உட்குழுப் பிரிப்பு மட்டும் அவசியம்: ஆபத்து நிலை, அதாவது மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு எவ்வளவு என்பது. தீவிரத் திட்டங்கள் அதிக ஆபத்துள்ளவர்களிடம் பலிக்கின்றன, குறைந்த ஆபத்துள்ளவர்களிடம் பலிப்பதில்லை, சில சமயம் கெடுக்கின்றன. 1990இல் ஆண்ட்ரூஸ், போண்டா, ஹோக் ஆகியோர் வகுத்த இந்தக் கொள்கைக்குப் பின்வந்த ஆய்வுகளில் நிறைய ஆதரவு இருக்கிறது. முதல்முறை மாட்டிய கல்லூரி மாணவனை வாரம் மூன்று நாள் அனுபவசாலிகளோடு உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கப் புள்ளியியல் வேண்டாம். அதிக ஆபத்து, குறைந்த ஆபத்து என்ற இரண்டு குழுவிலும் தனித்தனியே பி-மதிப்பு பார்த்து, ஒன்றில் 0.04, இன்னொன்றில் 0.20, ஆகவே பலன் வேறுபடுகிறது என்று எழுதக் கூடாது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே நேராகச் சோதிக்க வேண்டும்.

படி 9: உங்கள் முடிவையே உடைத்துப் பாருங்கள்

திட்டத்தால் மாற்றவே முடியாத ஒன்றை விளைவாக வைத்து அதே பகுப்பாய்வை ஓட்டுங்கள், உதாரணமாகத் தீர்ப்புக்கு இரண்டு ஆண்டு முந்தைய கைதுகள். அந்த எண்ணிக்கை இணைசேர்த்தலில் பயன்படுத்தியதாக இருக்கக் கூடாது. அங்கும் "பலன்" தெரிந்தால் உங்கள் குழுக்கள் ஒத்தவை அல்ல. மறைந்திருக்கும் ஏதோ ஒரு காரணி முடிவைக் கவிழ்க்க எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்றும் கணக்கிடலாம். முந்தைய தண்டனை எண்ணிக்கைக்கு உள்ள வலுவில் பாதி இருந்தாலே போதும் என்று வந்தால், முடிவு நொய்யரிசி மாதிரி, அழுத்தினால் பொடியாகும்.

இன்னொரு ஊரில் திரும்ப நடக்கும் வரை எந்த முடிவையும் முடிந்த கதையாக எடுக்காதீர்கள். ஹவாயில் 2004இல் தொடங்கிய ஹோப் என்ற நன்னடத்தைத் திட்டம், மீறினால் உடனே, நிச்சயமாக, சில நாள் சிறை என்ற கொள்கையில் நடந்தது. ஹாக்கனும் க்ளைமனும் 2009இல் வெளியிட்ட குலுக்கல் ஆய்வில் ஓராண்டில் மறுபடி கைதானவர்கள் 21%, ஒப்பீட்டுக் குழுவில் 47%. ஊரெல்லாம் பேச்சு, பல மாநிலங்களில் நகல். பிறகு ஆர்கன்சா, மாசசூசெட்ஸ், ஓரிகன், டெக்சஸ் ஆகிய நான்கு இடங்களில் 1,500க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த குலுக்கல் ஆய்வின் முடிவு 2016இல் வந்தது: மறுகுற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

படி 10: அறிக்கை

முதல் பக்கத்தில் ஓர் ஓட்டப்படம் இருக்கட்டும்: தகுதியானவர் எத்தனை, அனுப்பப்பட்டவர் எத்தனை, தொடங்கியவர், முடித்தவர், பதிவேட்டில் கிடைத்தவர் எத்தனை. அடுத்து ஒப்பீட்டுக் குழு எப்படி வந்தது என்று ஒரு பத்தி. அதன் பிறகே முடிவு, இடைவெளியோடு. "புள்ளியியல் முக்கியத்துவம் இல்லை" என்பதை "பலன் இல்லை" என்று மொழிபெயர்க்காதீர்கள். நம் கற்பனைக் கணக்கில் 10 புள்ளி வரை குறைந்திருக்கவும் இடம் இருக்கிறது.

செலவையும் போடுங்கள். சமூகத் தண்டனை சிறையைவிடப் பெரும்பாலும் மலிவு. ஆகவே மறுகுற்றம் இரண்டிலும் சமம் என்று வந்தாலே அது திட்டத்துக்குச் சாதகமான செய்தி. ஆனால் "சமம்" என்று சொல்வதற்கும் ஒரு எல்லையை முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும்: எத்தனை புள்ளி அதிகமானாலும் பரவாயில்லை என்று ஏற்பீர்கள்? 2 புள்ளி என்று முதலிலேயே எழுதியிருந்தால், 4 புள்ளி அதிகம் வரை நீளும் இடைவெளியை வைத்துச் சமம் என்று சொல்ல முடியாது. அந்த எல்லையைத் தீர்மானிக்க வேண்டியது திட்டத்துக்கு அனுமதி தரும் துறை. எண் வந்த பிறகு கேட்டால் எண்ணுக்கு ஏற்ற எல்லைதான் கிடைக்கும் என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.